தலைக்கு மேலே இருப்பதைப் படிக்க எங்கே போக வேண்டும்?

அன்புள்ள ஐயா,

எனக்குக் களுவாஞ்சிக்குடி. பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். மேல்வளியில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயன்மண்டலத்தில் முதுதத்துவமாணி ஆய்வு செய்ய ஆசை. வீட்டில் ஆசிரியர் நியமனத்துக்குப் போடச் சொல்கிறார்கள். "வானத்தைப் படிச்சு என்ன செய்யப் போறாய் புள்ள?" என்று மாமா கேட்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இங்கே ராடார் இல்லை, ரொக்கட் இல்லை, ஒன்றுமே இல்லை. வெளிநாடு போக வழியில்லாவிட்டால் இந்தத் துறையை விட்டுவிடலாமா? என் ஆங்கிலமும் சுமார்தான். முதலில் எந்த நூல்களை வாசிக்கலாம்?

— வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள மகள்,

ஆங்கிலத்தை விடு. ஆய்வுக் கட்டுரைகளில் புழங்குவது கொஞ்சச் சொற்கள்தான், வாசிக்க வாசிக்க வந்துவிடும். நூல் பட்டியலை உன் மேற்பார்வையாளர் என்னைவிட நன்றாகத் தருவார். மாமா கோபக்காரர் இல்லையென்றால், அவருடைய போனில் வழி காட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞை அயன்மண்டலத்தைக் கடந்துதான் வருகிறது, அது குழம்பினால் வழியும் பிசகும் என்று சொல்லிப்பார். 2022 பெப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் பெரும்பாலானவை சூரியன் கிளப்பிய ஒரு சாதாரணக் காந்தப் புயலில் மேல்வளி வீங்கியதால் விழுந்து எரிந்துபோயின, அதையும் சொல்.

ஆனால் "இங்கே ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் விட முடியாது. சிறப்புப் பட்டம் முடித்த பிள்ளை எழுதுகிற வசனமா இது? இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நம் பிள்ளைகள் எதைப் படிக்கப் போனாலும் முதலில் சொல்வது இதைத்தான். மற்றத் துறைகளில் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். உன் துறையில் துளியும் இல்லை.

1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கட்டைத் தும்பாவிலிருந்து ஏவியது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் அது. அவ்வளவு பெரிய நாட்டில் அந்த ஊரை ஏன் தேடிப் பிடித்தார்கள்? பூமியின் காந்தப்புலம் கிடையாகப் படுத்திருக்கும் கோடான காந்த மத்தியகோடு அதன் பக்கமாகப் போகிறது, அதுதான் காரணம். அந்தக் கோட்டின் இருபுறமும் சில பாகை அகலத்துக்கு, ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் உயரத்தில், பகல் முழுக்க ஒரு பெரிய மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. உலகப் படத்தை விரித்துப் பார். தும்பா எட்டரைப் பாகை வடக்கு, மட்டக்களப்பு ஏழேமுக்கால். அந்த மின்னாறு நம் தலைக்கு மேலாகவும்தான் ஓடுகிறது. இந்தக் கோட்டின் மேலிருக்கும் அயன்மண்டலத்தைப் பார்க்கவென்றே பெருவில் லீமாவுக்குப் பக்கத்தில், ஹிக்காமார்க்காவில், பெரிய ராடார் கட்டினார்கள். வடக்கே தூர நாடுகளில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து தேடிப் போகிற வானம் உனக்கு வாசலில் இறங்கினால் இருக்கிறது. அதைப் படிக்க எங்கே போகலாம் என்று என்னைக் கேட்கிறாய்!

யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாத இரவுகளில் எங்கள் அப்பா பற்றரி ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை கேட்பார். அக்கம்பக்கத்தவர்களும் வந்து திண்ணையில் இருப்பார்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் சில இரவுகளில் குரல் படபடவென்று நடுங்கும், ஒரு செக்கன் உரக்க வரும், அடுத்த செக்கன் அமுங்கிப்போகும். "ஆமிக்காரன் குழப்புறான்" என்பார் பக்கத்து வீட்டு அண்ணர். எந்த இரவில் எது குழப்பியது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் பௌதிகவியல் படித்து, பிறகு படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில்தான், நம் அகலக்கோட்டில் பொழுது பட்டபின் மேலே நடப்பதைப் பற்றி வாசித்தேன். சூரியன் போனதும் அயன்மண்டலத்தின் அடிப்பகுதி சீக்கிரம் வெறுமையாகிவிடும், அடர்த்தியான பகுதி மேலேயே நிற்கும். தண்ணீருக்கு அடியில் அகப்பட்ட எண்ணெய் மேலே கிளம்புவதைப் போல, அடியிலிருக்கும் அந்த அடர்த்தி குறைந்த பகுதி பெரிய பெரிய குமிழிகளாக எழும். சிற்றலை வானொலியை நடுங்கவைப்பது அதுதான், இன்று ஜி.பி.எஸ். சமிக்ஞையை அறுப்பதும் அதுதான். நம் பக்கத்தில் பகலும் இரவும் சமமாகிற மாதங்களில் அது கூடுதலாக வரும். அந்தத் திண்ணையில் இருந்த அத்தனை பேரும் அயன்மண்டலத்தைக் காதால் கேட்டவர்கள் மகள், சொல்லித்தர ஆள்தான் இருக்கவில்லை.

போன மார்கழியில் சுனாமி நினைவு நாளன்று கல்லடிக் கடற்கரைக்குப் போயிருந்தேன். அன்றிலிருந்தே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன், உன் கடிதம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த அலை ஆழ்கடலில் வரும்போது அதன் உயரம் அரை மீற்றருக்குக் கொஞ்சம் மேல்தான். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமான அலை. அது உயர்ந்து தாழ, மேலிருக்கும் காற்றும் தள்ளப்படும். மேலே போகப் போகக் காற்று ஐதாகும், அதனால் அந்த அசைவு பெருத்துக்கொண்டே போய் அயன்மண்டலத்தை உலுக்கும். நில நடுக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின் ஜேசன்-1, டோபெக்ஸ் என்ற இரண்டு செய்மதிகள் வங்காள விரிகுடாப் பக்கமாகக் கடந்தன. கடல் மட்டத்தை அளக்கப் போனவை அவை. அவற்றின் தரவிலேயே அந்த உலுக்கலும் பதிந்திருந்ததைப் பிறகு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் கரையில் சனம் ஓடிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். வானத்தைப் பார்த்துக் கடலுக்கு எச்சரிக்கை கொடுக்கலாமா என்று இப்போது உலகில் பல இடங்களில் வேலை நடக்கிறது. அந்த வேலையில் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருத்தி இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, இருந்தே ஆகவேண்டும்.

ராடார் இல்லை என்பது உண்மைதான். அதற்காக அழுதுகொண்டிருக்காதே. 2019 ஜூனில் தாய்வானும் அமெரிக்காவும் சேர்ந்து அயன்மண்டலத்தையும் அளக்கும் கொஸ்மிக்-2 என்ற ஆறு செய்மதிகளை ஏவின. அவை சுற்றுவதே நம்மைப்போல் மத்தியகோட்டை ஒட்டிய நாடுகளுக்கு மேலேதான். அவற்றின் தரவை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியர் நியமனம் கிடைத்தால் எடு, பின்னேரங்களில் தரவைப் பார். வெளிநாடு போக வாய்ப்பு வந்தால் போ, நான் மறிக்கவில்லை. ஆனால் இந்தக் கிழமையே பங்குனி மாதத் தரவை இறக்கி, நம் அகலக்கோட்டில் பொழுது பட்டபின் என்ன நடக்கிறது என்று ஒரு படம் வரை. அதை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய், பல்கலைக்கழகக் கூரையில் இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை பிடிக்கும் ஜி.பி.எஸ். ரிசீவர் ஒன்று பூட்ட முடியுமா என்று கேள். இல்லை என்றால் ஏன் என்று கேள். அவர் சொன்ன பதிலை எனக்கு எழுது.