கனேடிய அனுபவம் இல்லாத தம்பிக்கு

யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்துவிட்டு கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்தும் வேலை அமையவில்லை, நேர்முகத் தேர்வில் வாய் கட்டிப்போகிறது, உண்மையிலேயே எனக்குத் தகுதி இல்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. பேஸ்மென்ட் வாடகையைப் பற்றியும் கார்க் காப்புறுதியைப் பற்றியும் வேறு யாராவது சொல்வார்கள். நான் கடைசிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

அந்தச் சந்தேகம் உங்களுக்குள் தானாக முளைத்ததன்று. உங்கள் பட்டம் கனேடியப் பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பீட்டு அறிக்கை கையில் இருக்கும்போதே, போகுமிடமெல்லாம் "கனேடிய அனுபவம் உண்டா" என்று கேட்டால், ஆண்டுக்கணக்காக ஐந்தொகை தயாரித்தவனுக்கும் தன்மேல் ஐயம் வரத்தான் செய்யும். அதைக் கண்டிப்பான நிபந்தனையாக வைப்பது முதல் பார்வையிலேயே பாகுபாடாகும் என்று நம் மாகாணமான ஒன்டாரியோவின் மனித உரிமைகள் ஆணையம் 2013-இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி முதல் 25 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் அந்த நிபந்தனையைப் போடவும் கூடாது. விளம்பரத்தில் மறைந்தது தேர்வறையில் வேறு உருவத்தில் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அதைவிட நம்மவர்களிடம் கவனமாக இருங்கள். "உதெல்லாம் இஞ்ச சரிவராது, பேசாமல் ஃபாக்டரிக்கு வாரும்" என்று கலியாண மண்டபத்தில் தோளில் கைபோட்டுச் சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் தாம் கைவிட்டதை நீங்களும் கைவிட்டால் அவருக்குக் கொஞ்சம் மனம் ஆறும். ஃபாக்டரி வேலை இழிவன்று, நானும் செய்தவன்தான். விண்ணப்பத்திலிருந்து பட்டத்தை எடுத்துவிடச் சொல்லும் புத்திமதிதான் ஆபத்தானது.

இன்னொன்று: என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அடக்கம் கருதி அலுவலகம் முழுவதும் சேர்ந்து செய்ததைச் சொல்வது நம் வழக்கம். கேட்பவரோ, உங்கள் பங்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடுவார். நீங்களே முடித்த ஆண்டிறுதிக் கணக்கு, நீங்களே கண்டுபிடித்த பிழை, அதனால் மிச்சமான தொகை ஆகியவற்றைக் கூச்சமின்றி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

நான் பழகியது ஒரு வெதுப்பகத்தின் இரவு வேலையில். பாண் வந்து விழும் ஓடுபட்டியின் இரைச்சலில் எவருக்கும் எதுவும் கேளாது என்ற துணிவில், தட்டுகளை அடுக்கியபடியே பதில்களை உரக்கச் சொல்வேன். எதிரே நின்ற போர்த்துக்கேய அம்மா எனக்கு விசர் என்றே முதலில் நினைத்தார். விடயம் தெரிந்த பிறகு, நான் அவசரப்படும்போதெல்லாம் மாவுக் கையுறையை உயர்த்தி நிறுத்தி, மறுபடி தொடங்கச் சொல்வார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். ஆயினும் முதல் அலுவலக வேலையை எனக்கு வாங்கித்தந்த பதில்களில் பாதி, அவர் தலையாட்டும்வரை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியவை.