கொழுப்பு மாத்திரையும் மழைக்காலக் காய்ச்சலும்: வடசென்னைக் கேள்விகள், மருந்தாளுநர் பதில்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார். அதே வீட்டில் கொழுப்பு மாத்திரை போடுகிற பெரியவரும் இருக்கிறார். இரண்டையும் சேர்த்து வந்த கேள்விகளுக்கு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர் பதில் தருகிறார்.

ராயபுரம்: அக்கா, அப்பாவுக்கு 64 வயசு, ஸ்டென்ட் வெச்சிருக்கு. அடார்வாஸ்டாட்டின் 40 போடறாரு. நேத்துலேர்ந்து காய்ச்சல், இருமல். காய்ச்சல்ல கொழுப்பு மாத்திரை போட்டா கல்லீரல் போயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க தம்பி. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு ஸ்டாட்டினை, அதாவது அடார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையை, நிறுத்தத் தேவையில்லை. அப்பா மாதிரி இதய நோயாளிக்கு இந்த ஒரு வாரம்தான் அது அதிகம் தேவைப்படுகிற வாரம். கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், இன்ஃப்ளுயன்சா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு இருந்தது. காய்ச்சலில் உடம்பெங்கும் அழற்சி கூடுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது, ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கப் பார்க்கிறது. அந்தத் திட்டை நிலையாக வைத்திருப்பது ஸ்டாட்டின்.

மாத்திரையை நிறுத்திவைத்து உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வேறு: கண் மஞ்சளாவது, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போவது, வாந்தியால் ஒரு நாள் முழுக்க எதுவும் உள்ளே தங்காதது. டெங்கு உறுதியாகி, கல்லீரல் என்சைம்கள் இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினாலும் டாக்டர் நிறுத்தச் சொல்வார். மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ, நெஞ்சு இறுக்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீங்க. ராயபுரத்திலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான், நேரே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்க.

பெரம்பூர்: கொழுப்பு மாத்திரை போடறவங்களுக்கு ஃப்ளூவும் கொரோனாவும் லேசா வந்துட்டுப் போகுதுன்னு படிச்சேன். உண்மையா மேடம்?

பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் 2007–08 சீசனில் இன்ஃப்ளுயன்சாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 3,043 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் இறப்பு தெளிவாகவே குறைவு. 2020-ல் சீனாவின் ஹூபேயில் கொரோனா நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டபோது, 28 நாளுக்குள் இறந்தவர்கள் ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 5.2 சதவீதம், எடுக்காதவர்களில் 9.4 சதவீதம். பார்த்தால் அசத்தலாக இருக்கும். ஆனால் இவை பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஒப்பீடுகள். தினமும் மறக்காமல் மாத்திரை போடுகிறவர் செக்கப்புக்கும் போவார், தடுப்பூசியும் போடுவார், காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டாக்டரிடம் நிற்பார். அவர் பிழைத்தது மாத்திரையாலா, பழக்கத்தாலா என்று இந்தக் கணக்கிலிருந்து முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

பிரிக்க ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தபோது விஷயம் சுருங்கிவிட்டது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மூச்சுத்திணறியவர்களிடம் செய்த இரண்டு பெரிய சோதனைகள் 2014-ல் வந்தன. ஒன்றில் ரோசுவாஸ்டாட்டின், 745 பேர். இன்னொன்றில் சிம்வாஸ்டாட்டின் 80 மி.கி., 540 பேர். இரண்டிலும் பலன் தெரியவில்லை. ஈரானில் கொரோனா ஐசியூ நோயாளிகளுக்கு அடார்வாஸ்டாட்டின் 20 கொடுத்துப் பார்த்ததிலும் தெளிவான பலன் இல்லை. 2023-ல் வெளியான ரீமாப்-கேப் என்ற பன்னாட்டுச் சோதனையில்தான் கொஞ்சம் வெளிச்சம். ஐசியூ கொரோனா நோயாளிகளுக்கு சிம்வாஸ்டாட்டின் 80 கொடுத்தபோது, வென்டிலேட்டர் போன்ற உறுப்பு உதவி இல்லாமல் கழிந்த நாட்களின் இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) 11, கொடுக்காதவர்களுக்கு 7. பலன் இருப்பதற்கான நிகழ்தகவு 95.9 சதவீதம் என்று வந்தது. உறுதி என்று அறிவிக்க அவர்கள் முன்கூட்டியே வைத்திருந்த கோடு 99 சதவீதம். தொற்று குறைந்துபோனதால் சோதனையும் இடையில் முடிந்துவிட்டது.

என் கணிப்பு: அழற்சி மிக அதிகமாக உள்ள ஒரு பிரிவினருக்கு உதவலாம். 2014 சிம்வாஸ்டாட்டின் சோதனையைப் பிற்பாடு அப்படிப் பிரித்துப் பார்த்தபோதும் அந்தச் சாயல் தெரிந்தது. எல்லாருக்கும் கவசம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஃபெனோஃபைப்ரேட் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையையும் கொரோனாவில் சோதித்துப் பார்த்தார்கள், பலனில்லை.

வண்ணாரப்பேட்டை: அப்ப எனக்கு 35 வயசு, சுகர் பிரஷர் எதுவும் இல்ல. மழை சீசனுக்கு மட்டும் பத்து மி.கி. போட்டுக்கலாமா?

வேண்டாம். இதயத்துக்காகத் தேவைப்பட்டால் டாக்டர் எழுதுவார், அப்போது வருஷம் முழுக்கப் போடணும்.

தண்டையார்பேட்டை: மாமியாருக்கு நெஞ்சு சளின்னு கிளாரித்ரோமைசின் 500 எழுதிக் குடுத்தாங்க. அவங்க காலைல போடறது ஒரே கேப்சூல், அதுல கொழுப்பு மாத்திரையும் சேர்ந்திருக்குன்னு மெடிக்கல்ல சொன்னாரு. சேர்த்துக் குடுக்கலாமா?

கேட்டது நல்லது அம்மா. அடார்வாஸ்டாட்டினையும் சிம்வாஸ்டாட்டினையும் உடைத்து வெளியேற்றுகிற கல்லீரல் என்சைமை கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும். மருந்து ரத்தத்தில் தேங்கி, தசை கரையும் அளவுக்குப் போகலாம். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் கூடவே கூடாது. அடார்வாஸ்டாட்டின் என்றால் அந்த நாட்களில் 20 மி.கி.-க்கு மேல் போகக்கூடாது. படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகோனசோலுக்கும் இதே விதி. கொரோனா மாத்திரை பாக்ஸ்லோவிட்டில் உள்ள ரிட்டோனாவிரும் இப்படித்தான், அந்த 5 நாளும் பிறகு சில நாளும் ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அசித்ரோமைசினில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஃப்ளூவுக்குக் கொடுக்கிற ஒசெல்டாமிவிருக்கு ஸ்டாட்டினோடு பிரச்சினை இல்லை. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் அது நன்றாக வேலை செய்யும்.

இப்போது அந்த கேப்சூல். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்க. ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, அடார்வாஸ்டாட்டின் 10 அல்லது 20 என்று மூன்று பெயர் இருக்கும். ‘கொழுப்பு மாத்திரையை ஒரு வாரம் நிறுத்து’ என்று சொன்னதும் வீட்டில் இந்த கேப்சூலையே நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மருந்தும் அதோடு போய்விடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிராபத்து. நிறுத்தச் சொன்னால், ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் தனித்தனியாக எழுதி வாங்குங்க. அதைவிடச் சுலபம், இந்த அட்டையை, கிளாரித்ரோமைசின் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் காட்டி, அந்த ஆன்டிபயாடிக்கை மாற்றித் தரமுடியுமா என்று கேட்பது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாமலும் இருக்கலாம், அதையும் கேளுங்க.

காசிமேடு: போட்ல போனா பத்து நாள் ஆகும். மாத்திரை எடுத்துனு போக மறந்துட்டா?

சில நாள் விட்டால் கொழுப்பு மெதுவாகத்தான் ஏறும். திரும்பியதும் வழக்கமான அளவைத் தொடங்குங்க அண்ணா, விட்டதுக்குச் சேர்த்து இரண்டாகப் போடாதீங்க. அடார்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரத்திலும் போடலாம், இரவுதான் என்றில்லை. ஸ்டென்ட் இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை ஒரு நாளும் விடக்கூடாது. ஒரு அட்டையைச் சாப்பாட்டுச் சாமானோடு போட்டிலேயே வைத்துவிடுங்க.

வியாசர்பாடி: மூட்டை தூக்கற வேலை. காய்ச்சல் வந்ததும் தொடை, தோள் எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. இது காய்ச்சலா, மாத்திரையா?

காய்ச்சலோடு ஒரே நாளில் திடீரென்று வந்து, மூன்று நாலு நாளில் காய்ச்சலோடு இறங்கினால் வைரஸ் வலி. ஸ்டாட்டின் வலி பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய, அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் வரும். இரண்டு தொடையிலும் இரண்டு தோளிலும் ஒரே மாதிரி இருக்கும், காய்ச்சல் இருக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் வெறும் வலி இல்லை, பலவீனம். அப்போதும் சிறுநீர் கறுத்தாலும் அன்றே சிபிகே (தசைச் சேதத்தைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பாருங்க. சிபிகே இயல்பைவிடப் பத்து மடங்கு தாண்டினால் மாத்திரையை நிறுத்தியே ஆகணும். மூட்டை தூக்கிய மறுநாள் சிபிகே தானாகவே ஏறியிருக்கும், அதனால் உங்க வேலையை டாக்டரிடம் சொல்லுங்க.

எண்ணூர்: மூணு மாசமா வறட்டு இருமல். சளி இல்ல, காய்ச்சல் இல்ல. கொழுப்பு மாத்திரையாலயா?

அதனால் இருக்காது. பிரஷருக்கு எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் போடுகிறீர்களா என்று பாருங்க, இப்படி இருமல் வரவைப்பது அவைதான். டாக்டர் டெல்மிசார்டான் மாதிரி வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றுவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்பதால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்க, அரசு மருத்துவமனையில் இலவசம்.

கொடுங்கையூர்: காய்ச்சல்ல அட்மிட் ஆனப்ப கொழுப்பு டெஸ்ட்டும் எடுத்தாங்க. எல்டிஎல் நல்லா குறைஞ்சிருக்கு. மாத்திரையைக் குறைக்கலாமா?

அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் மாற்றாதீங்க. தொற்று இருக்கும்போது எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு தானாக இறங்கும், ட்ரைகிளிசரைட் என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறும். உடம்பு முழுதாகத் தேறி ஒரு மாதம் கழித்து எடுங்க.

திருவொற்றியூர்: கொழுப்பு மாத்திரை போடறவங்களுக்கு ஃப்ளூ ஊசி வேலை செய்யாதாமே? அப்புறம் சளிக்கு மெடிக்கல்ல குடுக்கற மாத்திரை போடலாமா?

எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குறைவாக உருவாகலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஊசியைத் தவிர்க்க அது காரணமே ஆகாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டு 2021-ல் வெளியான சோதனையில் இறப்பே குறைந்தது. வருஷத்துக்கு ஒரு டோஸ், மழைக்கு முன் செப்டம்பருக்குள். வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஊசிக்காக ஸ்டாட்டினை நிறுத்த வேண்டாம்.

சளி மாத்திரை விஷயத்தில் கவனம். அதில் பெரும்பாலும் ஃபினைலெஃப்ரின் இருக்கும், பிரஷரை ஏற்றும். பாராசிட்டமாலும் இருக்கும், மேலே தனியாக 650 போட்டால் அளவு இரட்டிக்கும். வெறும் பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். குடிப்பழக்கம் இருந்தால் மூன்றோடு நிறுத்துங்க. டைக்ளோஃபினாக் கலந்த வலி மாத்திரை, இதய நோயாளிக்கும் பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கும் ஆகாது, காய்ச்சலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரோசுவாஸ்டாட்டின் போடுகிறவர் வயிற்றெரிச்சலுக்கு அன்டாசிட் சிரப் குடித்தால், மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிங்க.