பழைய டிவி டிகோடர் பாக்ஸ் ஓடாதுன்னு சொல்லி புதுசு மாட்டிட்டாங்க, காசு யார் கட்டணும்?

மலேசியா, பினாங்கு ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, நீளமான லெட்டர், சுருக்கிப் போடுறேன்:

"லோயர் சார், அம்மா பேர்ல சேட்டிலைட் டிவி எடுத்து 9 வருஷம் ஆச்சு. மூணு மாசத்துக்கு முன்னால ஒரு காண்ட்ராக்டர் வந்து, 'ஆன்ட்டி, மாசக் கடைசியோட இந்த டிகோடர் ஓடாது, மாத்தியே ஆகணும்'னு சொல்லி புதுசு மாட்டிட்டு டேப்லெட்ல சைன் வாங்கிட்டுப் போயிட்டாரு. இப்ப பில்லுல அப்கிரேட்டுக்கு 199 வெள்ளி (ரிங்கிட்), மாசம் 30 வெள்ளி கூட, 24 மாசம் காண்ட்ராக்ட், நடுவுல நிறுத்துனா ஃபைன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வீட்ல அதே பழைய பாக்ஸ் இன்னும் ஓடுது சார். கட்டணுமா?"

தம்பி, அம்மா சைன் போட்டுட்டாங்களேன்னு ஒரு பக்கம் முழுக்க புலம்பியிருக்கீங்க, பக்கத்து வீட்டுக் கதைய கடைசில ஒரே வரில முடிச்சிட்டீங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் வேணும்.

ஏன்னா யாருக்காக மாத்துனாங்கன்னுதான் முதல்ல பாக்கணும். எச்டி வேணும், ரெக்கார்ட் பண்ணணும்னு நாமளே கேட்டு மாத்துனா காசு நம்மளுது, அதுல பேச ஒண்ணுமில்ல. கம்பெனியே சிக்னலை மாத்துறதும் உண்டு, வீடியோவைச் சுருக்கி அனுப்புற பழைய முறையான எம்பெக்-2ல இருந்து புது முறையான எம்பெக்-4க்கு போனா சேட்டிலைட்ல அதே இடத்துல கூட சேனல் அடைக்கலாம், ஆனா பழைய பாக்ஸால அதைத் திறக்க முடியாது. அது அவங்க லாபத்துக்கு செய்யிற வேலை. அப்ப காண்ட்ராக்ட்டை எடுத்து பாக்ஸ் யாரோட சொத்துன்னு படிங்க. பாக்ஸ் கம்பெனியோடது, நிறுத்துனா திருப்பிக் கொடுக்கணும்னு போட்டிருந்தா, அவங்க சாமானை அவங்க வசதிக்கு மாத்திட்டு உங்ககிட்ட ஏன் காசு கேக்குறாங்கன்னு தாராளமா கேக்கலாம். இப்படிப்பட்ட ஒருதலைப்பட்சமான ஷரத்தைத் தள்ளி வைக்க பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999ல பகுதி 3ஏ-ன்னு ஒண்ணு இருக்கு, 2010 திருத்தத்துல சேர்த்தது.

ஆனா அம்மா கேஸ் இது ரெண்டுமே இல்லன்னுதான் தோணுது. அதே பாக்ஸ் பக்கத்து வீட்ல ஓடுதுன்னா சிக்னல் மாறவே இல்ல, 'மாத்தியே ஆகணும்'ங்கிறது சும்மா விட்ட கதை. ஒரு பொருளோ சேவையோ தேவைன்னு பொய்யா சொல்லக்கூடாதுன்னு அதே சட்டத்தோட 10வது பிரிவு சொல்லுது. ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 19-ம் உங்க பக்கம், தப்பான தகவல் சொல்லி வாங்குன சம்மதத்தை சம்மதிச்சவங்க ரத்து பண்ணலாம். அதனால சைன் போட்டதோட எல்லாம் முடிஞ்சிடல.

இன்னிக்கே பக்கத்து வீட்டுக்கு போயி, டிவில சேனல் ஓடுறது தெரியிற மாதிரி, பாக்ஸ் அடியில ஒட்டியிருக்குற மாடல் நம்பர் தெரியிற மாதிரி ரெண்டு போட்டோ எடுங்க. அம்மாவோட பழைய பாக்ஸை அவங்க எடுத்துட்டுப் போயிருந்தா அதே மாடல்தான்னு காட்ட பழைய பில்லோ ஜாப் ஷீட்டோ (பாக்ஸ் மாட்டுறவங்க வேலை விவரம் எழுதி சைன் வாங்குற ஷீட்) தேடுங்க. இந்த ஜாப் ஷீட் முக்கியம் தம்பி. என்கிட்ட வந்த ஒரு கேஸ்ல, கிரில் கதவு வழியா நீட்டுன டேப்லெட்ல ஒரு அம்மா மாவுக் கையோட கோழி கிண்டுன மாதிரி சைன் போட்டிருந்தாங்க, அதுக்கு மேல காரணம்ங்கிற இடத்துல 'கஸ்டமர் ரிக்வெஸ்ட்'னு டிக் பண்ணியிருந்துச்சு, அவங்க எதையுமே கேக்கல! உங்க அம்மா ஷீட்லயும் என்ன டிக் பண்ணியிருக்குன்னு கம்பெனிகிட்ட காப்பி கேளுங்க. டிஷ்ஷையும் மாத்துனதா சார்ஜ் இருந்தா ஏறிப் பாருங்க, அதே சேட்டிலைட்டுக்கு பெரும்பாலும் டிஷ் மாத்தத் தேவையில்ல.

அப்புறம் அம்மா பேர்ல கம்பெனிக்கு ஈமெயில் போடுங்க, போன்ல கத்துறதுல பிரயோஜனம் இல்ல. காண்ட்ராக்டர் வெளியாளுன்னு அவங்க கைய விரிப்பாங்க, விடாதீங்க, காசு யார் பில்லுல வருது? 199ஐ எடுக்கணும், பழைய பேக்கேஜே வேணும், 24 மாசம் செல்லாதுன்னு கேளுங்க. ஆனா பில்லை மொத்தமா நிறுத்திடாதீங்க, பழைய மாசக் கட்டணத்தை கட்டிட்டு மிச்சத்தை ஒத்துக்கலன்னு எழுதுங்க, இல்லன்னா கடன் பாக்கி லிஸ்ட்ல அம்மா பேர் ஏற வாய்ப்பிருக்கு.

மசியலன்னா எம்சிஎம்சிக்கு (தொலைத்தொடர்பு, ஒளிபரப்பை கவனிக்கிற அரசாங்க ஆணையம்) புகார் கொடுக்கலாம், காசு திரும்ப வேணும்னா பயனீட்டாளர் டிரிபியூனல்தான். போரம் 1ங்கிற படிவத்தை நிரப்பணும், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், நடந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். அங்க லோயர் வாதாட முடியாது, அதனால எனக்கு இதுல வருமானம் கிடையாது, நம்பிப் போகலாம். எழுத சிரமமா இருந்தா ஜாலான் மஸ்ஜிட் நெகிரில பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கு, போயி கேளுங்க. (சாப்பாட்டுக் கடைல வீட்டு பாக்ஸை மாட்டி வச்சிருக்குறவங்க இதைப் படிச்சிட்டு கிளம்பிடாதீங்க, இந்தச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான்.)

அக்கவுண்ட் அம்மா பேர்ல இருக்குறதால போரத்துலயும் அவங்க பேர்தான் வரணும். கேஸ் அன்னிக்கு பக்கத்து வீட்டு ஆன்ட்டியையும் கூட்டிட்டுப் போங்க, அந்த மாச பில்லை அவங்களும் கையில எடுத்துக்கிட்டு வரட்டும்.