ஹாஸ்டல் கேட்டைப் பூட்டினால் போதுமா?

சென்னையில் சில கல்லூரிகளின் பாலியல் தொந்தரவுப் புகார்க் குழுக்களில் (ஊர் வழக்கில் விசாகா கமிட்டி) வெளி உறுப்பினராக இருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு.

கேள்வி: அண்ணா பல்கலைக்கழகச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் ஹாஸ்டலில் ஆறரைக்கே கேட்டைப் பூட்டுகிறார்கள். நல்லதுதானே என்கிறார் அப்பா.

அப்பாவின் பயம் புரிகிறது. ஆனால் 2024 டிசம்பர் 23 இரவு ஒரு மாணவிக்கு அந்தப் பாலியல் வன்கொடுமை நடந்தது வளாகத்துக்கு உள்ளே, செய்தவன் வெளியாள். மிரட்டலையும் மீறி அந்த மாணவி புகார் கொடுத்ததால்தான் 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, குறைந்தது 30 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். பூட்ட வேண்டியது மதில் ஓட்டையை, பெண்களை அல்ல. வார்டனையும் செக்யூரிட்டியையும் ராத்திரி எட்டு மணிக்கு லைப்ரரியிலிருந்து ஹாஸ்டல் வரை ஒருமுறை உங்களோடு நடக்கச் சொல்லுங்கள், எந்த விளக்கு எரியவில்லை என்று அவர்களே பார்க்கட்டும்.

கேள்வி: புராஜெக்ட் கைடு இரவில் ஆபாசமாக மெசேஜ் அனுப்புகிறார். ஆரம்பித்து நாலு மாதம். ஹெச்ஓடி (துறைத் தலைவர்) 'பேசித் தீர்த்துக்கலாம்' என்கிறார்.

தீர்த்துவைக்க அவர் யார்? சமரசம் வேண்டும் என்று நீங்கள் கேட்டால்தான் அந்தப் பேச்சே, அதிலும் பணம் கைமாறக் கூடாது. குழுவிடம் புகார் கொடுக்க இருக்கும் மூன்று மாதக் கெடு கடைசி மெசேஜிலிருந்து தொடங்கும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் தரலாம். எதையும் அழிக்காதீர்கள். புகாரிலேயே கைடை மாற்றித் தரச் சொல்லியும் எழுதுங்கள், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், ஆனால் அதுவரைகூட நீங்கள் அவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவ உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதி. உங்கள் கல்லூரியில் அவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் முழிப்பார்கள்.

கேள்வி: ரூம்மேட்டுக்கு நேற்றிரவு பாலியல் வன்கொடுமை நடந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதலில், 'அங்கே ஏன் போனே' என்று கேட்காதீர்கள். முடிந்தால் குளிக்காமல், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பர் பையில் (பிளாஸ்டிக் வேண்டாம்) வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். அரசோ தனியாரோ, முதல் சிகிச்சை இலவசம், எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று யாரும் சொல்ல முடியாது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். போலீஸ் புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். பெயர் வெளியே வந்துவிடுமோ என்று அவர் பயந்தால் அதைச் சும்மா தட்டிக்கழிக்காதீர்கள். அண்ணா பல்கலை வழக்கில் எஃப்ஐஆரே மாணவியின் விவரங்களோடு கசிந்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயரை வெளியிடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: கல்ச்சுரல்ஸில் சீனியர் ஒருவர் ஒரு பெண்ணை விடாமல் தொந்தரவு செய்தார். பையன் நான், என்ன செய்திருக்கலாம்?

சண்டைக்குப் போக வேண்டாம், தம்பி. 'மேம் உன்னைக் கூப்பிடுறாங்க, வா' என்று அவளை அங்கிருந்து நகர்த்தியிருந்தால் போதும். அப்புறம், யூஜிசி விதிப்படி பையன்களும் இதே குழுவில் புகார் கொடுக்கலாம்.