அம்மாவைச் சிறிய இல்லத்துக்கு மாற்றலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 78. ஓராண்டாக மதுரைப் புறநகரில் நூறு பேருக்கு மேல் தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இப்போது சாப்பாடு குறைந்து மிகவும் இளைத்துவிட்டார். அழகர்கோயில் சாலைப் பக்கம் எட்டுப் பேர் மட்டும் தங்கும் வீடு ஒன்று இருப்பதாக ஒரு தரகர் சொல்கிறார். மூன்று லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். அம்மாவின் வீட்டை எழுதிக் கொடுத்தால் அதுவும் வேண்டாமாம், ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்வார்களாம். மாற்றலாமா? – வாசகர், திருமங்கலம்

பதில்: மாற்றலாம். ஆனால் உடல் இளைப்பதற்குப் பல், தைராய்டு, மாத்திரை, மனச்சோர்வு என எதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறிய இல்லம் என்பது தரகர்கள் கண்டுபிடித்த சரக்கு அன்று. 2003-இல் அமெரிக்காவின் டூப்பலோ நகரில், பில் தாமஸ் என்ற முதியோர் மருத்துவரின் யோசனைப்படி, பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வீடு, ஆளுக்கொரு அறை, நடுவில் திறந்த சமையலறை என்று கட்டிக் காட்டினார்கள். அங்கே சமைப்பவரே குளிப்பாட்டவும் துணைக்கு இருக்கவும் செய்வார். தங்கியிருப்பவர் விழித்த நேரமே அவருக்கு விடியல். நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. முதுமையைத் தலைக்கணக்காகவே பார்க்கும் இந்தப் பழக்கம் எப்போது மாறுமோ தெரியவில்லை.

ஆகவே எட்டுப் பேர் என்ற எண்ணை நம்பாமல், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். எல்லாரையும் ஐந்து மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டி வரிசையாக உட்கார வைத்திருந்தால், அது சிறிய கட்டடத்தில் நடக்கும் பெரிய இல்லமே. இரவில் விழித்திருப்பவர் யார், திடீரென்று நெஞ்சு வலித்தால் எந்த வண்டியில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பதையும் கேளுங்கள். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதையே அரசு அனுமதி என்று காட்டுபவர்கள் உண்டு, இரண்டும் வேறு. இல்லத்தின் பதிவு விவரத்தை மாவட்டச் சமூகநல அலுவலகத்திலேயே விசாரியுங்கள்.

இனி வீட்டு விஷயம். எக்காரணம் கொண்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். "தானப் பத்திரம் வேண்டாம், பவர் மட்டும் போதும்" என்று இறங்கி வந்தாலும் சம்மதிக்காதீர்கள். அந்தப் பவரை வைத்தே வீட்டை விற்றுவிட முடியும். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரி, மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்படாவிட்டால் வழக்கு சிக்கலாகிவிடலாம். வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் படிக்கட்டு ஏறி இறங்குவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கிரயமாக எழுதிப் பணம் பெற்றுக்கொண்டதாகக் காட்டிவிட்டால் வாதாடுவது இன்னும் கடினம். முன்பணத்தை "நன்கொடை" என்று ரசீது போட்டால் அது திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணம், அதிகம் போனால் இரண்டு மாத முன்பணம், அதைத் திருப்பித் தருவதற்கான நாள் குறித்த ஒப்பந்தம் ஆகியவை போதும். தரகருக்கு இதில் வேலையே இல்லை.

ஒரு நிலையில் மட்டும் அவசரப்படவே கூடாது. தாயாருக்கு நினைவு தடுமாறுகிறது என்றால், அதாவது உங்களையே சில நேரம் வேறு யாரோ என்று நினைக்கிறார், அந்தி சாய்ந்ததும் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு நடக்கிறார் என்றால், சிறிய இல்லமே ஆபத்தாகலாம். இரவில் ஒரே ஒரு பணியாளர் இருக்கும் வீட்டில், அவர் இன்னொருவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் பத்து நிமிடத்தில் உங்கள் தாயார் சாலைக்கு வந்துவிடுவார். பழகிய கட்டிலையும் பழகிய முகங்களையும் இழப்பதே அத்தகையவர்களின் குழப்பத்தைக் கூட்டிவிடும். அப்படியானால் மருத்துவரிடம் நினைவுத்திறன் பரிசோதனை முடித்துவிட்டு, புதிய இல்லத்துப் பணியாளர் ஒருவரை இரண்டு மூன்று முறை இப்போதைய இல்லத்துக்கே வரவழைத்துத் தாயாருக்கு முகப்பழக்கம் உண்டாக்கி, அதன் பிறகே மாற்ற வேண்டும். பகலில்தான் அழைத்துச் செல்ல வேண்டும், மாலையில் கூடவே கூடாது.

உங்கள் கடிதத்தில் தாயார் என்ன சொல்கிறார் என்ற ஒரு வரி இல்லை. பணம் எதுவும் கொடுப்பதற்கு முன், ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்போது அவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். அதுவரை பழைய இல்லத்தில் கணக்கை முடிக்காதீர்கள்.