மலையைப் பார்த்த வீட்டுக்கு மேற்கே கண்ணாடிச் சுவர் தேவையா?

கேள்வி: கடையம் பக்கம் மலையடிவாரத்தில் 40 சென்ட் வாங்கியிருக்கிறோம். இடம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. நடுவில் ஒரு பாறை, ஓரத்தில் சில பனைகள். இடத்தோடு ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆசை. மேற்கே முழுக்கக் கண்ணாடி வைத்தால் மலை தெரியும் என்கிறான் மகன். தரையைச் சமப்படுத்திவிடலாமா? மண்ணால் அறுத்த கல்லில் சுவர் வைத்தால் தாங்குமா?

பதில்: மலை தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் உங்கள் பக்கத்தில் பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்துதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் அங்கிருந்துதான். கண்ணாடி வைத்தால் முதல் கோடையிலேயே திரை போட்டு மூடிவிடுவீர்கள். மேற்குச் சுவரைக் கனமாக எழுப்பி, உள்வாங்கிய சிறு சன்னல் ஒன்று வையுங்கள், போதும். வடக்கே எட்டடி அகலத்துக்குத் தாழ்வாரம் இறக்குங்கள். அதன் மேற்கு முனையில் இடுப்பளவு சுவர் இருந்தால் காற்று மட்டுப்படும். உட்கார்ந்தபடியே மலையைப் பார்க்கலாம்.

ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். சரிவை வெட்டிச் சமமாக்கினால் மேலிருந்து வரும் தண்ணீர் வெட்டிய இடத்தில் தேங்கி அஸ்திவாரத்தில்தான் இறங்கும். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும். தண்ணீர் ஓடுகிற தடத்தில் கல் நட்டு அடையாளம் வையுங்கள். அந்தத் தடத்தை விட்டு ஒதுங்கி, பாறைக்குக் கிழக்கே, வீட்டைக் கிழமேலாக நீட்டுங்கள். தரையை இரண்டு மட்டமாக இறக்கி நடுவில் மூன்று படி வைத்தால் சரிவு அப்படியே இருக்கும். வெயிலுக்கும் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் வீட்டின் குறுகிய பக்கம்தான் முகம் கொடுக்கும். வீட்டுக்கு மேற்புறச் சரிவில் கல் அடுக்கி ஒரு வாய்க்கால் எடுத்து, தண்ணீரை இரு பக்கமும் திருப்பிவிடுங்கள்.

மண் கல் தாங்கும், மண்ணைப் பொறுத்து. மேல்மண்ணை நீக்கி அடிமண்ணை எடுத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் விடுங்கள். அடியில் படியும் மணல் பாதிக்கு மேல் இருந்தால் 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய கல் அறுக்கலாம். கரிசல் என்றால் வேண்டாம். அஸ்திவாரமும் தரைக்கு மேல் இரண்டடியும் கருங்கல்லாக இருக்கட்டும்.

கூரைக்கு ஓடு. கூரையின் மரச் சட்டத்துக்காக, இடத்தில் நிற்கிற பனையை வெட்ட நினைக்காதீர்கள். அதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும். இடித்த பழைய வீடுகளின் வைரம் பாய்ந்த பனங்கைகள் விலைக்குக் கிடைக்கும், அவை புதுசை விட நல்லவை. காற்றுக்கு ஓட்டின் ஓர வரிசைகளைச் சாந்து வைத்துக் கட்டச் சொல்லுங்கள், கொத்தனார் இதைத்தான் மறப்பார். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 500 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 46,000 லிட்டர் விழும். சிந்தியது போக முக்கால் பங்கு தொட்டிக்கு வந்தாலும் கோடைக்கு அது பெரிய துணை.

இவ்வளவுக்கும் முன்னால், உங்கள் கிராமம் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் தடையின்மைச் சான்று இல்லாமல் வேலை தொடங்க முடியாது. அப்புறம், வீட்டை ஒட்டிப் பலா மரம் வைக்காதீர்கள். பழுத்தால் உங்களுக்கு முன் கரடி வந்துவிடும்.