மாமியாருக்குத் தனித் தட்டு எதற்கு?

கேள்வி: என் மாமியாருக்குக் காசநோய் என்று சென்ற வாரம் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம். "4 வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் இவரை வைத்திருக்கலாமா?" என்று நாத்தனார் சண்டை பிடிக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, ஆரணி

பதில்: முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள், அம்மா. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால்தான் காசநோய் பரவும், பாத்திரத்தால் பரவாது. 28 ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் காசநோய் மாத்திரை கொடுத்த செவிலியர் நான். வியாசர்பாடியில் ஒரு பாட்டியை நெளிந்த அலுமினியத் தட்டோடு திண்ணையில் உட்காரவைத்திருந்தார்கள். நான் நீட்டிய மாத்திரையை அவர் வாங்கவில்லை. "யாருக்காக நான் பிழைக்க வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் நாத்தனாரைப் போலத்தான் ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் நினைத்தது. நோயாளிகளை மாதக்கணக்கில் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்தார்கள். தாம்பரத்தில் ரயில் நிலையத்தின் பெயரிலேயே அந்தச் சொல் நிற்கிறது. அந்த எண்ணத்தை மாற்றியது நம் சென்னை சேத்துப்பட்டு. உலக சுகாதார நிறுவனமும் கைகோத்து 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகள். ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றவர்கள் வீட்டிலும் ஓராண்டு அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இட நெருக்கடி, சாப்பாடும் குறைவு. ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானபின், வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது உலகம் முழுவதும் கொள்கையானது.

தொற்றும் ஆபத்து பெரும்பாலும் நோய் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில்தான். ஆகவே குழந்தையை நாளைக்கே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து தருவார்கள். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது மிக முக்கியம். மருத்துவர் சொல்லும்வரை மாமியார் முகக்கவசம் அணியட்டும், ஜன்னல் திறந்த அறையில் தனியாகப் படுக்கட்டும். இருமல் நின்றதும் பலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்; மாமியாரை அப்படி நிறுத்த விடாதீர்கள். வாந்தியோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய்க்கு அவருடைய வங்கிக் கணக்கைப் பதிவு செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். அந்தப் பணம் அவருக்கு முட்டையாகவும் பருப்பாகவும் போய்ச் சேர வேண்டும்.

நாத்தனார் அடிக்கடி வந்துபோகிறவர் என்றால், பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.